அழாத பிள்ளையைத் தேடி போடிமெட்டுக்கு

போடிமெட்டுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, பெண்கள் மட்டும் போனால் பயமில்லையா என்று தோழிகள் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். மூவருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மலை பார்க்கப் போகவில்லை. ஆறு வயதுப் பெண் ஒருத்தியைத் தேடிப் போனேன். வழியை மட்டும் எழுதிவிட்டு அவளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை.

மதுரையில் நான் வேலை செய்யும் குழந்தைகள் வார்டில் இரண்டு டாக்டர்கள் குழந்தைகளின் வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவுக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் மறந்துவிடும் என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருக்கும் காலம் இது. அது தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்பது டாக்டர் சாரதாவின் பிடிவாதம். என் வேலை எழுதுவது. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது கட்டிலருகே ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்து, பிள்ளை எத்தனை விநாடி அழுதது, காலை உதைத்ததா, கையைத் தட்டிவிட்டதா, பிறகு சாப்பிட்டதா, தூங்கியதா என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். வலி மரத்துப்போகும் மருந்து எப்போதும் குறைவாகத்தான் வரும். கட்டங்களில் எண் அதிகமாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது முதலில் போகும். நியாயமான ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ராக்கு ஐப்பசியில் வந்தாள். ஏலத்தோட்டத்துப் பிள்ளை. காய் உலர்த்தும் ஸ்டோரில், விறகுச் சூடு ஓடுகிற இரும்புக் குழாயின் மேல் வழுக்கி விழுந்து இடது உள்ளங்கையும் விரல்களும் வெந்துபோயிருந்தன. பதினாறு நாள் அவளுக்குக் கட்டு மாற்றினார்கள். பதினாறு நாளும் அவள் அழவில்லை. அசையாமல் படுத்திருப்பாள். நான் எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டேன். வலி குறைவாக உணரும் குழந்தைகள் என்று டாக்டர் சாரதா ஒரு தனிப் பட்டியல் வைத்திருந்தார். ராக்குவின் பெயர் அதில் ஏறியது. மருந்து மற்றப் பிள்ளைகளுக்குப் போனது.

பதினேழாம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. அவள் அம்மா பேச்சி, யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். பொறுப்பில்லாத தாய் என்று நோட்டில் யாரோ சிவப்பு மையில் எழுதினார்கள். தோட்டத்து முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. மார்கழி முழுவதும் டாக்டர் அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுக்கும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் விரல் பிழைக்கும். தை மாதம் தாண்டினால் முடியாது. கடைசியில், "நாமே போய்க் கூட்டிட்டு வந்துடலாம், வர்றியா?" என்று என்னைக் கேட்டார். பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினோம்.

மதுரையிலிருந்து போடிக்கு ஐம்பத்தாறு மைல். காலை ஆறரை மணி ரயில். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பத்தணா. உசிலம்பட்டி வரை வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சுவாங்கி ஏறும்போது எல்லோரும் எட்டிப்பார்ப்பார்கள். கரித்தூள் கண்ணில் விழும், பார்க்காதீர்கள். தேனி தாண்டியதும் மலை மேற்கே முழுச் சுவராக எழுந்துவிடும். பதினொன்று பத்துக்குப் போடி. ரயில் அங்கே முடிந்துவிடுவதால் இறங்குவதற்கு அவசரமில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த உடனே ஏலக்காய் வாசம் அடிக்கும். கடைத்தெருவின் கிட்டங்கிகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பிரிக்கிறார்கள். அந்த வாசத்தில் ஏதோ ஒன்று எனக்கு முன்பே பழக்கமானதாகத் தோன்றியது. வீட்டுப் பாயசத்தின் நினைவு இல்லை. டெட்டால் வாசத்தோடு கலந்த நினைவு. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மெட்டுக்குப் போகும் ஜீப்புகள் பஸ் நிலையத்துக்கு எதிரே நிற்கும். பதினாறு மைல், ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது முத்தையா என்பவரின் வண்டி.

"டாக்டரம்மா முன்னால உக்காருங்க. பின்னால லோடு ஏத்தணும்" என்றார்.

"லோடா? பின்னால ஆட்கள்தானே நிக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா. அவுகளத்தேன் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "லோடு பேசும்டா முத்தையா. எறங்கி வந்தா உதைக்கவும் செய்யும்."

"ஒத சோலியெல்லாம் மெட்டுல போயி வச்சுக்குவம் அக்கா. வெரசா ஏறு."

நான் எண்ணினேன், பதினெட்டுப் பேர். நான் முன்னால் இடம் கிடைக்காமல் பின்னாலேயே ஏறிக்கொண்டேன். தோட்டத்துக்குத் திரும்பும் பெண்கள், அரிசிப் பைகள், மண்ணெண்ணெய் டின், இரண்டு கோழி. என் முழங்காலுக்கு எதிரே நாலு வயதுப் பையனை மடியில் வைத்திருந்த ஒரு தாய்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. ஒன்பதாவது வளைவில் முத்தையா சட்டென்று பிரேக் போட்டார். எதிரே மாட்டு வண்டி. மண்ணெண்ணெய் டின் சாய்ந்து பையனின் கால்விரல் மேல் விழுந்தது. நல்ல கனம். நகத்தடியில் ரத்தம் கட்டிவிட்டது. நான்தான் "ஐயோ" என்றேன். பையன் ஒரு சத்தமும் போடவில்லை. கண் மட்டும் அகலமாயிற்று. தாய் அவசரமே இல்லாமல் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு ஏலக்காயை அவன் கடைவாயில் வைத்தாள். அவன் கடித்தான். தாடை இறுகியது. மெதுவாக அந்த வாசம் வந்தது.

எங்கே பழக்கமான வாசம் என்று அப்போது தெரிந்துவிட்டது. ராக்கு படுத்திருந்த பதினாறாம் நம்பர் கட்டில். கட்டு மாற்றி முடிந்ததும் வார்டைப் பெருக்க வரும் ஆயா தினமும் முணுமுணுப்பாள்: "காட்டுக்காரப் பிள்ள, கட்டிலுக்கடியில சக்கையாத் துப்பி வச்சிருக்கு." நசுங்கிய ஏலக்காய்ச் சக்கை. அவள் அதை என் காலருகே இருந்துதான் பெருக்கி எடுத்துப்போவாள். நான் காலைத் தூக்கி வழிவிட்டுக்கொண்டு பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை அழவே இல்லையே" என்று அந்தத் தாயிடம் கேட்டேன்.

"காட்டுல அழுகலாமா? நாங்க குனிஞ்சு காயெடுத்துக்கிட்டு இருப்போம். இதுகள மரத்தடியில உக்கார வச்சிருப்போம். சத்தம் கேட்டா ஆனை வந்து நிக்கும்" என்றாள். "முள்ளு குத்துனாலும் அட்டை கடிச்சாலும் காயைக் கடிச்சுக்கிறணும். பால்குடி மறந்தன்னைக்கே பழக்கீருவோம்."

முன்னால் இருந்து முத்தையா, "என் மாமியாவையும் ஒரு வாரம் காட்டுக்குக் கூட்டிப் போயிப் பழக்கிக் குடு ஆத்தா, காய் நான் வாங்கித் தர்றேன்" என்றார். வண்டியே சிரித்தது. பையனும் சிரித்தான், பல்லைத் திறக்காமல்.

ஒன்றே முக்காலுக்கு மெட்டு. இங்கேதான் திருவாங்கூர் கொச்சி எல்லை. சவுக்கை என்கிற சோதனைச் சாவடியில் இருந்த காவல்காரர், "எங்கோட்டா?" என்று மலையாளத்தில் போகுமிடம் கேட்டார். டாக்டர் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் விட்டுவிட்டார். தை மாதத்திலும் மதியத்தில் சால்வை வேண்டியிருக்கும், எடுத்துப்போங்கள். டீக்கடை ஒன்று உண்டு. டீ ஓரணா, நன்றாக இருக்கும். பெஞ்சின் ஓரத்துக்குப் போனால் போடியும் சிலமலை கிராமமும் கீழே கட்டம் கட்டமாக வயல்களோடு தெரியும். அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் ஏலக்காய்ச் சக்கையைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் ஒரு ஏலக்காய் கேட்டு வாங்கினார். அதைக் கடைவாயில் வைத்து, தன் இடது கைப் பெருவிரல் நகத்தின் அடியில் வலது கை நகத்தால் பலமாக அழுத்தினார். காய் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சக்கையைக் கையில் துப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது நம்ம நோட்டுல எந்தக் கட்டத்துல வரும்?" என்று கேட்டார்.

"எதிலயும் வராது" என்றேன்.

மெட்டிலிருந்து பூப்பாறை பாதையில் முத்தையாவே நாலு மைல் கொண்டுவந்து விட்டார், இருவருக்கும் சேர்த்து ஒரு ரூபாய். பிறகு ஒன்றரை மைல் ஒற்றையடிப் பாதை. பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. இலை மேலே ஆட, காய் மட்டும் தரையோடு கிடக்கும் கொத்தில் இருக்கிறது. அட்டைக்கு உப்புத் துணி வேண்டும் என்பார்கள். தை மாதத்தில் அவ்வளவு தொந்தரவு இல்லை. அந்தக் காட்டில் இரண்டு இடங்களில் பெண்கள் காயெடுக்கும் கூட்டத்தைக் கடந்தோம். மரத்தடியில் பிள்ளைகள். கடைசிச் சுற்று எடுப்பு என்பதால் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். அத்தனை பிள்ளைகள் இருந்தும் அத்தனை அமைதியான இடத்தை நான் பார்த்ததில்லை. உங்களில் யாராவது அந்த அமைதியை ரசிக்கப் போவதாக இருந்தால், அது எப்படி உண்டானது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். தொழிலாளிகள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். எங்களைக் கண்டதும் கோடாலியைக் கீழே போடவில்லை. பின்னால் ராக்கு நின்றாள். இடது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கை எப்படி இருக்குன்னு பாக்க வந்தோம்" என்றார் டாக்டர்.

"இருக்கு. மணிக்கட்டோடதேன் இருக்கு."

"பேச்சி, விரல் ஒட்டிப்போயிடும். இப்ப வந்தா சரி பண்ணலாம்."

"ஒட்டுனா ஒட்டட்டும். ஒரு கையால காய் பெறக்கிக்கிருவா."

டாக்டர், பிளந்து கிடந்த விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் சொல்லாம வந்துட்டீங்க?"

பேச்சி அப்போதுதான் கோடாலியை வைத்தாள். "சொன்னேனே. யாரு கேட்டா? காய் ரெண்டு பை கொண்டாந்திருந்தேன். பதினஞ்சாம் நாளோட தீந்துபோச்சு. மறுநா கடிக்கிறதுக்கு ஒண்ணுமில்லாம உதட்டைக் கடிச்சுக்கிட்டா. உள்ளுக்குள்ள சதை பிஞ்சிருச்சு. பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஊசி போட்டீக. எம்பிள்ளைக்கும் போடுங்கன்னு கேட்டேன். அவ அழுகலையே, அவளுக்கு வலிக்கலைன்னு சொன்னாக." டாக்டரைப் பார்த்து, "அழுதாத்தேன் குடுப்பீகளா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு டாக்டர் விளக்கம் சொல்லவில்லை. மருந்து குறைவு என்றோ, ஆராய்ச்சி என்றோ சொல்லியிருக்கலாம். "தப்பு எங்க மேலதான்" என்று மட்டும் சொன்னார்.

நான் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ராக்கு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த நோட்டு அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "வலிக்கலைன்னு எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள் பேச்சி. "தெனமும் கெடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருப்பியே. ஒருக்காவாச்சும் இவ மூஞ்சியப் பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்க்கவில்லை என்பது நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் ராக்குவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவள் வரவில்லை. இருந்த இடத்திலேயே கேட்டார்: "கட்டு மாத்துறப்ப எத்தனை காய் கடிச்சே, ஞாபகம் இருக்கா?"

"மொத நா ஏழு" என்றாள் ராக்கு. யோசிக்கவே இல்லை. "அப்புறம் ஒம்போது. வெள்ளப் புடவ அக்கா கட்டுனா நாலு. கண்ணாடி போட்டவுக கட்டுனா பதினொண்ணு."

கண்ணாடி போட்டவர் எங்கள் இன்னொரு டாக்டர். வேகமாகக் கட்டு மாற்றுவதில் பெயர் பெற்றவர். டாக்டர் சாரதா என்னிடமிருந்து நோட்டை வாங்கி ராக்கு சொன்ன எண்களை எழுதினார்.

பேச்சி ஒரேயடியாக இளகிவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். காய் எடுப்பு முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, இப்போது போனால் கங்காணி பேரை வெட்டிவிடுவார் என்றாள். டாக்டர் தானே போய்க் கங்காணியிடம் பேசுவதாகச் சொன்னார். "நீங்க பேசி நீங்க போயிருவீக. நாந்தேன இருக்கணும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீதான எழுதுறவ. இதையும் எழுது. மொதல்ல மருந்து. அப்புறந்தேன் கட்டு. இவ அழுதாலும் சரி, அழுகாட்டியும் சரி."

எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பேச்சிக்குப் படிக்கத் தெரியாது. மூன்று முறை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை ராக்கு உதட்டசைத்துக் கூடவே சொன்னாள். பேச்சி தாளை மடித்துச் சுருக்குப்பைக்குள், காய்களோடு வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை ஒரு மணி ரயிலில் நாங்கள் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தோம்.

மெட்டிலிருந்து கீழே இறங்கும் கடைசி ஜீப் நாலரை மணிக்கு. அதை விட்டால் மேலே பெண்கள் தங்க இடமில்லை, கவனம். போடியில் ரயிலடிக்குப் பக்கத்தில் மாடி அறை கிடைத்தது. நாளுக்கு மூன்று ரூபாய், சுத்தமாக இருந்தது, தண்ணீர் கீழிருந்து சுமக்க வேண்டும். சாப்பாடு பத்தணா. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட நாளில் எனக்குப் புத்தகம் போதும். கொண்டுபோனதைத் திறந்து ஒரே பக்கத்தை நாலு முறை படித்தேன். கடைத்தெருவில் டாக்டர் ஐந்து பலம் ஏலக்காய் வாங்கினார், மூன்றரை ரூபாய். கடைக்காரர் "வீட்டுல விசேசமாம்மா?" என்று கேட்டார். "பிள்ளைகளுக்கு" என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஐம்பதுக்கு டாக்டர் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன். ஹாரன் சத்தம் கேட்டது. முத்தையாவின் ஜீப் ஸ்டேஷன் முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது.

"லோடு வந்திருச்சு" என்று கத்தினார். "வழி நெடுக என்னைய வையுறா. வெரசா ஓட்டுனா பிள்ளைக்கு ஆகாதாம், மெல்ல ஓட்டுனா ரயிலு போயிருமாம்."

பேச்சி இறங்கி, ராக்குவை இறக்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "கங்காணி பேரை வெட்டிட்டான்" என்றாள். அவ்வளவுதான். டிக்கெட்டுக்குக் காசை முந்தானையிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் நீட்டியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு விரல்கள் நேராகிவிட்டன. மூன்றாவது பாதி நிமிர்கிறது. சுண்டு விரல் இனி நிமிராது, நாங்கள் இழந்த நாட்களில் அது போய்விட்டது. பேச்சிக்கு வேறு தோட்டத்தில் வேலை கேட்டு டாக்டர் எழுதியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. தனிப் பட்டியல் இப்போது இல்லை. அதில் இருந்த மற்றப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள், எதைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

போக விரும்புகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், மழையில் பாதை சரியும். மாசி பங்குனி நல்லது. ரயிலும் ஜீப்பும் அறையும் சாப்பாடுமாக ஒருவருக்கு இரண்டு நாளைக்குப் பதினைந்து ரூபாய் தாராளம். பெண்கள் மட்டும் போகலாம், தொந்தரவு இல்லை. ஜீப்பில் முன் இருக்கையை விடப் பின்னால் ஏறுங்கள். இடிபடுவீர்கள், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகம் தெரியும்.

கடைசியாக ஒன்று, ராக்குவின் கைக்குத் தோல் ஒட்டிய பிறகு நாலாவது கட்டு மாற்றிய நாளில் நடந்தது. முதல் மூன்று முறையும் மருந்து கொடுத்துத்தான் தொட்டார்கள், இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு காய் நசுங்கியது. நான் கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது முறை எல்லாம் முடிந்ததும் அவளே வாய்க்குள் விரல் விட்டுக் காயை எடுத்து, என் நோட்டின் மேல் வைத்தாள். ஈரமாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் பல் படவில்லை.